அடித்து எழுதிய விலை

ஈரோடு,
ஆடி வெள்ளி.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மிச்சிக்கு முழங்கால் வலி போன மாதத்தைவிடப் பரவாயில்லை. தொலைபேசியில் பேசினால் இரண்டு நிமிடத்துக்குள் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். பாதியில் வைக்க முடியாததாக இருக்கட்டும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் புது வீட்டைச் சுற்றிக் காட்டினாய். கூடம் நல்ல வெளிச்சமாக இருக்கிறது. அம்மா சமையல் மேடையின் உயரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, உனக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று இருந்தன, அவற்றில் நான்கு பெட்டிகளின் டேப்பைக்கூட நீங்கள் இன்னும் பிரிக்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஜவுளிக்கடையில் நின்றவனுக்குச் சரக்கைப் பார்த்தாலே எண்ணத் தோன்றும், தவறாக எடுத்துக்கொள்ளாதே. புது வீடு என்றால் நாலு சாமான் வாங்கத்தான் வேண்டும். அதைக் குறை சொல்ல வரவில்லை. எப்படி வாங்குவது என்பதை மட்டும், எனக்குத் தெரிந்த வரையில், எழுதுகிறேன்.

ஆடி பிறந்துவிட்டதால் மணிக்கூண்டுப் பக்கம் கால் வைக்க இடமில்லை. ஆடியில் முகூர்த்தம் இல்லை, கூறைப்புடவைக்கு ஆள் வராது, ஆவணிச் சரக்கு இறங்குவதற்குள் ரேக்குகள் காலியாக வேண்டும், மில்லுக்கும் நெசவாளருக்கும் கொடுக்கப் பணம் புரள வேண்டும் என்பதால் வந்ததுதான் ஆடிக் கழிவு. அது நியாயமான கழிவு. கழிவுக்கென்றே தனியாகச் சரக்கு வரத் தொடங்கிய பிறகுதான் கதை மாறியது. ஆனி மாதக் கடைசி வாரத்தில் கடையைச் சாத்திவிட்டு, ஆறு பேர் தரையில் உட்கார்ந்து, இரவு பதினொரு மணி வரை பழைய விலைச்சீட்டுகளைப் பிரித்துப் புதியவற்றைக் கட்டுவோம். 380 ரூபாய்ப் புடவைக்கு 650 என்று எழுதி, அதன் குறுக்கே சிவப்பு மையால் அடித்து, கீழே 390 என்று எழுத வேண்டும். என் எழுத்து திருத்தமாக இருக்கும் என்பதால் எழுதுவதும் அடிப்பதும் என் வேலை. அந்த 650-க்கு அந்தப் புடவையை ஒரு நாளும் யாருக்கும் விற்றதில்லை. ஆகவே அடித்த விலையைப் பார்க்காதே, கண்ணு. உன் கையிலிருந்து போகிற விலையை மட்டும் பார்.

உன் கைப்பேசியில் வருவதும் அதே சீட்டுதான், சிவப்பு மை மட்டும் இல்லை. "இன்னும் இரண்டே உள்ளன" என்று அதில் காட்டுகிறார்களே, அதை நாங்கள் "கடைசி பீஸ்ங்க அக்கா" என்று வாயால் சொன்னோம். சொல்லும்போதே மாடியில் அதே ரகத்தில் அரைக் கட்டு இருக்கும். இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதையும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும், கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவதையும் மத்திய அரசு 2023-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டுத் தடை செய்திருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனாலும் நீ புகார் செய்வதைவிட, விரும்பிய பொருளைக் கூடையில் போட்டுவிட்டு மூன்று நாள் வாங்காமல் இருந்து பார். மூன்றாம் நாளும் அது வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள். எங்கள் கடையிலும் "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்ததில்லை.

படுக்கை விரிப்புகளைப் பெங்களூரில் வாங்க வேண்டாம் என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! சென்னிமலை நமக்குப் பக்கம், பவானி ஜமுக்காளம் பக்கம், திரைச்சீலைக்கும் சமையலறைத் துண்டுக்கும் கரூர் பக்கம். இவ்வளவையும் சுற்றி வைத்துக்கொண்டு, எங்கோ நெய்த விரிப்பு எங்கோ மடித்த பெட்டியில் உன் வீட்டுக்கு வருகிறது. பெட்டியின் மேல் "கிங் சைஸ்" என்றுதான் இருக்கும். உள்ளே எடுத்து அளந்தால் 90-க்கு 100 அங்குலம். உன் கட்டில் ஆறடி அகலம் என்றால் 72 அங்குலம். மெத்தை எட்டு அங்குல உயரம் என்றால் இரு பக்கமும் சேர்த்து 16. செருகி வைக்கப் பக்கத்துக்குப் பத்தாவது வேண்டும். ஆக 108 அங்குலம். பருத்தி என்றால் முதல் சலவையில் சுருங்கும், அதற்கும் இடம் விட வேண்டும். கணக்குப் பார்க்காமல் வாங்கினால் விடியும்போது விரிப்பு முதுகுக்கடியில் சுருண்டு கிடக்கும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியதற்கு மாற்றாக இன்னொன்று வாங்குவாய். இரண்டும் சேர்ந்தால் நல்ல விரிப்பின் விலை.

துணியில் பார்க்க வேண்டியவை சிலவே. பனியன் சட்டை என்றால் ஜிஎஸ்எம் எவ்வளவு, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கேள்; 180 இருந்தால் நான்கு சலவைக்குப் பிறகும் கழுத்து தொய்யாது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். தையலின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்தால் சாயம் நிற்குமா போகுமா என்பது தெரிந்துவிடும். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத்தைத் தேடிப் போகிறவர்கள் வெட்டப்பட்ட லேபிளைப் பார்த்து மகிழ்கிறார்கள். ஆர்டர் ரத்தாகி வந்த பீசா, தையல் கோளாறால் ஒதுக்கிய பீசா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி. நம் கனி மார்க்கெட் சந்தைக்குத் திங்கட்கிழமை இரவே போனால் நல்ல கட்டைப் பார்த்து எடுக்கலாம், செவ்வாய் பிற்பகல் போனால் பிறர் புரட்டிப் போட்டதுதான் கிடைக்கும். கைத்தறி வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டிய 30 சதவீதத் தள்ளுபடிக்குக் காத்திரு. அது அரசு தரும் தள்ளுபடி, அதற்காக விலைச்சீட்டை யாரும் இரவில் மாற்றுவதில்லை. குளிர்சாதனப் பெட்டி வாங்கிவிட்டாயா என்று தெரியவில்லை. வாங்கவில்லை என்றால் நட்சத்திரத்தோடு நிற்காமல், அதே ஒட்டுச்சீட்டில் எழுதியிருக்கும் ஆண்டு மின்சார யூனிட்டையும் பார்.

நீ அம்மாவுக்கு அனுப்பிய புடவையைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. 12,999-ஐ அடித்து 3,499 என்று போட்டிருந்த சீட்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது. அம்மா குளிக்கப் போயிருந்தபோது முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழைகளைப் பிடுங்கி அடுப்பில் காட்டினேன். பட்டாக இருந்தால் முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியும். இது உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது. பட்டு வாரியத்தின் சில்க் மார்க் அட்டையும் அதில் இல்லை. அம்மாவிடம் அசல் பட்டு என்று சொல்லிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் மகள் எடுத்துக் கொடுத்தது என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஜவுளிக்கடைக்காரன் மகள் ஏமாந்தாளே என்று கோபமும் வந்தது.

வட்டியில்லாத் தவணை என்று ஒன்று சொல்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வட்டி எங்கும் போகவில்லை. மொத்தமாகப் பணம் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடிக்குள் அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கடன் அட்டையில் எடுத்தால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் தனி. அதுவாவது ஒரு நாள் முடியும். கடன் அட்டையில் பாக்கி வைப்பது அப்படி முடிவதில்லை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: ஒருவருக்கு அட்டையில் ஒரு லட்சம் ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 3,500 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 630, ஆக 4,130. குறைந்தபட்சத் தொகை என்று ஐந்து சதவீதம், அதாவது 5,000 ரூபாய் கட்டினால், கடனில் குறைவது 870 ரூபாய். இதற்கிடையில் அந்த அட்டையில் ஒரு தலையணை உறை வாங்கினாலும், வாங்கிய நாளிலிருந்தே அதற்கும் வட்டி ஓடும்; பாக்கி இருக்கும்வரை அந்த வட்டியில்லாத நாற்பத்தைந்து நாள் சலுகை கிடையாது. எழுபது சதவீதத் தள்ளுபடியில் வாங்கியதும், இப்படியே கட்டிக்கொண்டு போனால், ஒரு நாள் முழு விலையைத் தாண்டியிருக்கும்.

பேச்சுக்குச் சொல்கிறேன் என்று எழுதியது சரியில்லை. உன் அட்டைக்கு இன்னும் நம் வீட்டு முகவரிதான் இருக்கிறது. உன் பெயருக்கு இரண்டு கவர்கள் வந்தன. முதல் கவரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். இரண்டாவது வந்த மறுநாள் ஒருவர் என் எண்ணுக்கு அழைத்து, உன் பெயரைச் சொல்லி, நான் உனக்கு என்ன உறவு என்று கேட்டார். தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று இரவு இரண்டு கவர்களையும் பிரித்துப் படித்தேன். உன்னைக் கேட்காமல் பிரித்தது தவறு. அம்மாவுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை, அதை நான் கேட்கவும் மாட்டேன்.

உன்னைப் பற்றி ஊரெல்லாம் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன்: "என் மகள் எதையும் கேட்க மாட்டாள்." கடையில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன், சம்பந்தியிடமும் சொன்னேன். நீ ஏழாம் வகுப்பு படித்த ஆண்டு தீபாவளிக்கு நான் கொண்டுவந்த அரக்கு நிறப் பாவாடை நினைவிருக்கும். இடப்பக்கம், இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் படர்ந்திருந்தது. டேமேஜ் கட்டில் கிடந்ததை ஊழியர் விலைக்கு, 180 ரூபாய்க்கு எடுத்தேன். "மடிப்புக்குள் போய்விடும்" என்று உன்னிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லாதது, அதைப் புதுப் பெட்டியில் வைத்து, நானே ஒரு சீட்டு எழுதி, 850 என்று போட்டு, சிவப்பு மையால் அடித்துக் கட்டினேன் என்பது. நீ அந்தச் சீட்டை ஜியாமெட்ரி பெட்டியில் வைத்திருந்தாய். காம்பஸ் தேடும்போது பார்த்தேன். பள்ளியில் உன் தோழி அந்தப் பாவாடையைப் பார்த்து, "எங்கம்மா கடையில வேண்டாம்னு வெச்சது இதுதான்" என்று சொன்னதை உன் கல்யாணத்துக்கு முதல்நாள் இரவுதான் அம்மா என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒரு துணிகூடக் கேட்டதில்லை. அதைத்தான் நான் அடக்கம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைக்கு வந்த எத்தனையோ பேருக்கு எழுதிய சீட்டு எனக்கு உறுத்தவில்லை. உனக்கு எழுதிய அந்த ஒன்று உறுத்துகிறது. அந்தப் பதினொரு பெட்டிகளை எண்ணியபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

நடந்ததை விடு. பிரிக்காத நான்கு பெட்டிகளைத் திருப்பி அனுப்ப நாள் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். அட்டையை எடுத்துப் பீரோவில் வை. வங்கியில் நகைக்கடன் வட்டி இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. உன் வளையல்களை வைத்தாவது அட்டைக் கடனை முதலில் முடித்துவிடு. அஞ்சலகத்தில் போட்ட என் வைப்பு புரட்டாசியில் முதிர்கிறது, அதைக்கொண்டு வளையல்களை மீட்கலாம். வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். அடித்த விலையைப் பார்க்காதே என்று மறுபடியும் எழுத வந்தேன், முன்பே எழுதிவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமை இரவு சந்தைக்குப் போகிறேன். ஒரு ஜமுக்காளமும் நான்கு படுக்கை விரிப்புகளும் புதுக் கட்டைப் பிரித்து, முழு விலை கொடுத்து எடுத்துக்கொண்டு புதன்கிழமை அங்கே வருகிறேன். அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறாள். கட்டில் ஆறடிக்கு ஆறரையா, ஐந்துக்கு ஆறரையா என்பதையும் மெத்தையின் உயரத்தையும் எனக்கு எழுது. டேப் வைத்து அளந்து எழுது; பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எழுதாதே.

அன்புடன்,
அப்பா