குளத்தில் மண் கொட்டினால் சாலை ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை நெரிசலுக்கு காரோடு–நாகர்கோவில் நான்குவழிச் சாலைதான் வழி. விரைந்து முடியட்டும். ஆனால் குமரி மாவட்டத்தில் குளம், கால்வாய் தாண்டாமல் சாலை போட முடியாது; அந்த இடங்களில் அவசரம் கூடவே கூடாது. சேற்றை அடிவரை அள்ளிய பிறகே மண் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் 20 செ.மீ.க்கு மிகாமல், ஈரப்பதம் பார்த்து, ஆய்வகச் சோதனையில் அந்த மண்ணுக்குக் கிடைக்கும் அதிகபட்ச உலர் அடர்த்தியில் 95 சதவீதம் வரும்வரை ரோலர் ஓட்ட வேண்டும். மேல் அரை மீட்டருக்கு 97 சதவீதம். லாரி லாரியாகக் கொட்டி மேலாக மட்டும் உருட்டினால், பாலத்தை ஒட்டிய மண் மழையில் அமுங்கி, வண்டி 'தொம்' என்று விழும். குளம் நிரம்பி வழியும் மறுகால் ஓடைக்குச் சாலைக்கு அடியில் குழாய் போதாது, கான்கிரீட் பெட்டிப் பாலமே வேண்டும். ஆகாயத்தாமரை ஒரே மழையில் குழாயை அடைத்துவிடும். தண்ணீர் வயலுக்குள் ஏறும்.

– வாசகர், குழித்துறை