மான் தின்ற கணக்கு

திருகோணமலை
14.06.2025

அன்பின் மச்சான்,

வட்ஸ்அப்பில் இரண்டு நிமிடம் பேசி முடிக்கக்கூடிய விசயத்தை நான்கு பக்கம் கையால் எழுதி அனுப்பியிருக்கிறாய். கனடாவில், ஸ்காபரோவில் உனக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதே என்று முதலில் சிரித்தேன். பிறகு இரண்டாம் முறையும் வாசித்தேன். உன் எழுத்து இன்னும் வலப்பக்கம் சரிந்துதான் ஓடுகிறது. அதனால் நானும் பேனையை எடுத்துவிட்டேன்.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கதவு யன்னல் எல்லாம் மண். உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைய வந்திருக்கிறார்கள், ஓட்டோக்காரர் முகத்தில் சிரிப்பு இருக்கிறது. என் மனைவிக்கு முழங்கால் நோ பரவாயில்லை. சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

மருமகன் ஏதோ ‘முதலீட்டுக் கல்வி’ கோர்ஸ் படிக்க 75,000 ரூபாய் கேட்கிறான், அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். “படிப்புக்குத்தானே, இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை” என்றும் எழுதியிருந்தாய். உன் மனம் எனக்குத் தெரியும். அதனால்தான் பதில் எழுத முதல் அவனைக் கூப்பிட்டுப் பேசினேன்.

போன ஞாயிறு பின்னேரம் டச்சு விரிகுடாக் கரையில் இருந்தோம். கச்சான் கடலைச் சுருள் ஆளுக்கு ஒன்று. என்ன சொல்லித் தருவார்கள் என்று கேட்டேன். “மைண்ட்செட் அங்கிள்” என்றான். அதற்குப் பிறகு? “பிறகு நெட்வேர்க்.” அப்புறம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஹோட்டல் மண்டபம் ஒன்றில் மூன்று நாள் வகுப்பு. முடிந்ததும் இவன் ஆள் சேர்க்கலாம். சேர்க்கிற ஒவ்வொருவருக்கும் 30,000 திரும்பக் கிடைக்கும். மூன்று பேரைச் சேர்த்தால் கட்டிய காசும் வந்து, மேலே 15,000 இலாபம். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம். எனக்கு அவனைத் திட்ட மனம் வரவில்லை. இருபத்து மூன்று வயதில் எனக்கு இப்படி ஒருவன் வந்து சொல்லியிருந்தால் நானும் போயிருப்பேன்.

கச்சான் சுருளைப் பிரித்து, அந்தத் தாளிலேயே எழுதச் சொன்னேன். நீ ஒரு ஆள். நீ மூன்று பேரைச் சேர்க்கிறாய். அந்த மூன்று பேருக்கும் இலாபம் வரவேண்டுமென்றால் ஒன்பது பேர் வேண்டும். 27, 81, 243 என்று எழுதிக்கொண்டே போனான். ஆறாவது படியில் 729. ஒன்பதாவதில் 19,683. அதுவரை வேகமாக எழுதியவனின் கை அங்கே கொஞ்சம் நின்றது. பன்னிரண்டாவது படியில் 5,31,441. 2012 குடிசன மதிப்பீட்டில் எங்கள் மாவட்டத்துச் சனத்தொகை மொத்தம் மூன்று லட்சத்து எண்பதாயிரம்கூட இல்லை. கைக்குழந்தை, கிண்ணியா மூதூர்க் கிழவிகள், கோட்டைக்குள் நிற்கிற மான்கள் எல்லாரையும் சேர்த்தாலும் ஆள் காணாது என்று சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் நின்ற மான் ஒன்று எட்டித் தாளை இழுத்துத் தின்னத் தொடங்கிவிட்டது. உப்புக் கச்சான் மணம் இருந்திருக்கும். 5,31,441 பேரும் அதன் வயிற்றுக்குள் போனார்கள். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது.

கடைசிப் படியில் நிற்கிறவர்களுக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அவனே கேட்டான். இந்த மாதிரிப் பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கிறது, நடத்துகிறவன் மட்டுமல்ல, ஆள் சேர்க்கிறவனும் மாட்டுவான் என்றேன். சந்தேகம் என்றால் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, போய்க் கேள் என்றும் சொன்னேன். ஆகவே அந்த 75,000ஐ அனுப்பாதே. கேட்டால் நான் தடுத்தேன் என்று சொல்லு.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதியவனின் புத்தி சும்மா இருக்குமா? உன் சம்பளம் எவ்வளவு, பிடிபடுவது எவ்வளவு என்று கேட்டேன். 50,000, ஒன்றும் பிடிப்பதில்லை, முழுதாகக் கையில் தருகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னான். ஒன்றரை வருடமாக அந்த விருந்தினர் விடுதியில் வேலை. ஊழியர் சேமலாப நிதி (இபிஎஃப்) இலக்கம் என்ன என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. மச்சான், மாதா மாதம் அதற்குரிய சீ போம் நிரப்பியவன் நான். தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியான ஈரிஎஃப்புக்கு முதலாளி 3 வீதம். முதலாளி கட்டவேண்டிய 12 வீதத்தை மட்டும் எடுத்தாலும் மாதம் 6,000. பதினெட்டு மாதத்துக்கு 1,08,000. எழுபத்தைந்தாயிரம் கடன்பட்டுத் தேடப் புறப்பட்ட காசு அவன் வேலை செய்கிற இடத்திலேயே கிடந்திருக்கிறது. பிள்ளை உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவன் வேறு. மெதுவாகக் கேட்டுப் பார், பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். கேட்டிருக்கிறான். “பார்ப்பம்” என்று பதில் வந்திருக்கிறது. பார்ப்பம்.

இவ்வளவும் எழுதும்போது நான் ஏதோ எல்லாம் தெரிந்தவன் போல உனக்குத் தோன்றும். அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதை மனைவிக்கே போன வருடம்தான் சொன்னேன்.

55 வயதில் எனக்கு இபிஎஃப் காசு வந்தது. அதில் பத்து லட்சத்தை 2021 மார்கழியில் இரண்டு வருட நிலையான வைப்பில் போட்டேன். வட்டி 7 வீதம். பத்திரமான இடம், பேசாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். 2022 நடந்ததெல்லாம் நீ அங்கிருந்து பார்த்திருப்பாய். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளோடு கொடுக்கல் வாங்கல் செய்கிற கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி ஏற்றியது. நான்கு நாள் கழித்து வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று நாடு அறிவித்தது. வட்டிச் செய்தியைப் புத்தாண்டுக்கு முதல் கிழமை பத்திரிகையில் நான் வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் தமிழ். வாசித்துவிட்டு மடித்து வைத்தேன், பிறகு அதே தாளில் மனைவி கருவாடு சுற்றினாள். எனக்கும் அந்தச் செய்திக்கும் ஏதும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கவேயில்லை.

எதிர் வீட்டு ரீச்சரும் அதே பத்திரிகையைத்தான் வாசித்தா. கொள்கை வட்டி ஏறினால் வைப்பு வட்டியும் பின்னாலே ஏறும் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. ஆனி மாதம் பழைய வைப்பை முறித்து, முறித்ததற்கு வெட்டுகிற வட்டியையும் விட்டுக்கொடுத்து, 20 வீதத்துக்கு மேல் புதிதாகப் போட்டா. நான் 7 வீதத்தோடு காவல் இருந்தேன். பத்து லட்சத்துக்கு 13 வீத வித்தியாசம் என்றால் வருடத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம். அந்தப் புரட்டாதியில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அதற்கு முந்திய வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானை 170 கொடுத்து வாங்கினோம், என் காசோ 107 ஆகி நின்றது. ரீச்சரும் நட்டப்பட்டாதான், அதை யாராலும் முழுதாகத் தடுத்திருக்க முடியாது. என் நட்டத்தில் பாதி விதி, பாதி என் விளங்காமை.

இதில் பெரிய அவமானம் எது தெரியுமா? அந்த வருடத் தொடக்கத்தில் சீட்டுக்காசு கைக்கு வந்ததும் என் மனைவி இரண்டு பவுண் தங்கம் வாங்கி வைத்தாள். நான் வீண் செலவு என்று கத்தினேன். டொலர் ஏறப்போகிறது, டொலர் ஏறினால் பவுண் ஏறாதா என்று அவள் கேட்டதை நான் காதில் விழுத்தவில்லை. இருநூறு ரூபாயில் கட்டி வைத்திருந்த டொலரை மார்ச்சில் அவிழ்த்துவிட்டார்கள், மே மாதம் 360. பவுண் விலை எங்கே போனது என்று நான் எழுதத் தேவையில்லை. இருபது பேர் சீட்டை ஒரு கொப்பிகூட இல்லாமல் தலைக்குள் நடத்துகிறவள் அவள். யார் எவ்வளவு காசை விட்டுக்கொடுத்துக் கழிவு கூறிச் சீட்டை எடுக்கிறார்கள் என்பதை வைத்தே எந்த வீட்டில் நெருக்கடி என்று சொல்லிவிடுவாள். நானோ இரட்டைப் பதிவுக் கணக்கு முறை படித்தவன்.

பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். காசு கொடுத்து அல்ல. தங்கச்சியின் மகள் சாதாரண தரம் எழுதி முடித்துப் போட்ட தரம் 11 கணிதப் புத்தகம் ஒன்று வீட்டில் கிடந்தது. அரசாங்கம் சும்மா கொடுக்கிற புத்தகம். கூட்டு வட்டி, பங்குச் சந்தை எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒரு சீஆர் கொப்பி வாங்கி, காலையில் தேத்தண்ணியோடு இரண்டு கணக்கு. முதல் மாதம் பிழை பிழையாக வந்தது. மருமகளிடம் காட்டித் திருத்தினேன், அவளுக்கு ஒரே பகிடி. பிறகு நூலகத்தில் பத்திரிகையின் வர்த்தகப் பக்கம். அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்குகிற பத்திரமான திறைசேரி உண்டியலுக்குக் கிழமைதோறும் ஏலம் நடக்கிறது, 91, 182, 364 நாள் என்று மூன்று வகை, சாதாரண ஆளும் வாங்கலாம் என்பதெல்லாம் எனக்கு 57 வயதில் தெரியவந்தது.

இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் திருக்கடலூரிலிருந்து நான்கைந்து பெண்கள் எங்கள் விறாந்தைக்கு வருகிறார்கள். மனைவியின் சீட்டுக்காரர். கடன் தவணை எழுதுகிற அட்டைகளைக் கொண்டுவருவார்கள். மீன் விற்கிற அக்கா ஒருவர் ஒரு லட்சம் எடுத்திருந்தா. மாதம் 2 வீதம்தான் வட்டி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மாதம், வட்டி 24,000, மாதம் 10,333 ரூபாய் கட்டவேண்டும். கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கிறது. முதல் தொகையில் மாதம் 8,333 கழிகிறது, அப்படியானால் கடைசி மாதம் உங்கள் கையில் இருக்கிற கடன் எவ்வளவு என்று கேட்டேன். விரலில் எண்ணி, “எட்டாயிரத்துச் சொச்சம்” என்றா. அதற்கும் 2,000 வட்டியா கட்டுகிறீர்கள்? கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தா. “படகு வைச்சிருக்கிற சம்மாட்டியே இப்பிடிச் செய்யமாட்டான் தம்பி” என்றா. குறைந்துபோகிற மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடம் 24 வீதம் இல்லை, கிட்டத்தட்ட 42. அவ எடுத்த கடனை மாற்ற முடியாது. ஆனால் அடுத்த தடவை கடன் கொடுக்க வந்த பையனிடம், “வட்டி முழுக் காசுக்கோ, மிச்சக் காசுக்கோ?” என்று கேட்டிருக்கிறா. பையன் மேலதிகாரிக்குப் போன் எடுத்தானாம்.

இந்தச் சித்திரையிலிருந்து வைப்பு வட்டியில் பிடிக்கிற வரி 5 வீதத்திலிருந்து 10 ஆகிவிட்டது. வருட வருமானம் 18 லட்சத்துக்குக் கீழே என்றால் வங்கியில் ஒரு பத்திரம் கொடுத்துப் பிடிக்காமல் செய்யலாம். போன மாதம் முழுக்க எனக்கு அந்தப் பத்திரம் நிரப்புகிற வேலைதான். கூலி, ஒருநாள் அரைக் கிலோ சூடை மீன்.

மருமகனுக்கு ஏதும் செய்யத்தான் வேண்டும் என்றால் ஏஏடி என்கிற கணக்கியல் படிப்பைப் படிக்கச் சொல்லு. அதற்குக் கட்டணம் கட்டு, ஆனால் ஒரே தடவையில் அனுப்பாதே. ஒவ்வொரு சோதனையும் பாஸ் பண்ணிய பிறகு அடுத்ததற்கு அனுப்பு. அவனிடமும் சொல்லிவிட்டேன், முகம் அவ்வளவு மலரவில்லை. மூன்று நாளில் முடியாதே!

இனி உனக்கு ஒரு கேள்வி. முப்பது வருடமாக அங்கத்தைய ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்ஆர்எஸ்பி கட்டுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்தக் காசு எதில் போட்டிருக்கிறது? வருடத்துக்கு எத்தனை வீதம் கட்டணம் எடுக்கிறார்கள்? வங்கிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று எழுதாதே, 2021இல் நான் சொன்னதும் அதைத்தான். கேட்டு, தொகையோடு எழுது. கொப்பியில் இன்னும் பக்கம் இருக்கிறது.

மனைவி இதை எட்டிப் பார்த்துவிட்டு, ஆவணியில் புதுச் சீட்டுத் தொடங்குகிறது, உன் பெயரையும் போடவா என்று கேட்கச் சொன்னாள். கழிவு கூறுவதென்றால் நேரில் வரவேண்டுமாம்.

உன் மச்சான்