மீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், வந்திருக்கற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வராதவங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுவேன், படிப்பாங்கன்னு பெரிய நம்பிக்கை ஒண்ணும் இல்ல.

செயற்குழு வழக்கம் போல கூடுச்சு. குஞ்சு மொத்தமா வாங்கிப் பிரிச்சுக் குடுத்தோம். சங்கத்து வலை கிழிஞ்சு திரும்பி வந்துச்சு, யார் கிழிச்சதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்கல.

இனி தீவன எண்ணெய் விஷயம். "செயலாளருக்கு வேற வேலை இல்ல"ன்னு சிலர் பேசிக்கிட்டது என் காதுக்கும் வந்துச்சு, அதனால இத கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன். நம்மாளுங்க மூட்டைல புரோட்டீன் எத்தனை சதவீதம்னு பாக்கறாங்க, மிஞ்சிப் போனா கொழுப்பு எத்தனைன்னு பாக்கறாங்க, அந்தக் கொழுப்பு எந்த எண்ணெய்லேருந்து வந்துச்சுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. லினோலெயிக் (ஒமேகா 6), ஆல்ஃபா லினோலெனிக் (ஒமேகா 3)ன்னு ரெண்டு கொழுப்பு அமிலம் இருக்கு, ரெண்டையும் மீனால சொந்தமா உண்டாக்க முடியாது, தீவனத்துல வரணும், இல்லேன்னா குளத்துத் தண்ணில மிதக்கற நுண்ணுயிர், அதான் பிளாங்டன், அதுலேருந்து வரணும். சாதாக் கெண்டைக்கு ரெண்டுமே வேணும், தீவன எடைல தோராயமா 1 சதவீதம் ஒவ்வொண்ணும். திலேப்பியாவுக்கு ஒமேகா 6 தான் முக்கியம். கொடுவா மாதிரி கடல் மீன் கதையே வேற, ஆளி விதை எண்ணெய எவ்ளோ சேர்த்தாலும் அதுல இருக்கற ஆல்ஃபா லினோலெனிக்க ஈபிஏ, டிஹெச்ஏங்கற, மீன் எண்ணெய்ல இருக்கற ஒமேகா 3 கொழுப்பு அமிலங்களா மாத்தற திறன் அதுக்கு ரொம்பக் கம்மி, அந்த ரெண்டையும் நேராவே குடுத்தாகணும். மலிவா கிடைக்குதுன்னு பாமாயில் தீவனம் தேடறவங்க இத ஒரு தடவ யோசிங்க, மீன் தின்ன கொழுப்போட சாயல் தான் அதோட சதைலயும் வரும்.

மீன் எண்ணெய் கட்டுப்படி ஆகலன்னு சொல்றீங்க, நியாயம் தான். 2023ல கடல் தண்ணி சூடேறற எல் நினோவால பெருல, மீன் எண்ணெய் எடுக்கற நெத்திலியோட முதல் சீசனயே ரத்து பண்ணிட்டாங்க, உலகம் பூரா விலை ஏறிடுச்சு. நார்வே சால்மன் தீவனத்துல 1990ல 24 சதவீதம் இருந்த மீன் எண்ணெய் 2013ல 11 ஆயிடுச்சு, மிச்சத்துக்குப் பெரும்பாலும் தாவர எண்ணெய். அதோட பலன் ஸ்காட்லாந்து சால்மன்ல நல்லா தெரிஞ்சுது, 2006க்கும் 2015க்கும் நடுவுல சதைல இருந்த ஈபிஏ, டிஹெச்ஏ பாதியா கொறஞ்சுது. அதுக்குத் தான் நான் சொல்ற வழி: வளர்ற காலம் பூரா தாவர எண்ணெய், அறுவடைக்கு முன்னாடி கடைசி கொஞ்ச மாசம் மட்டும் மீன் எண்ணெய். சதைல ஒமேகா 3 பெருமளவு திரும்ப ஏறிடும், செலவும் அடங்கும்.

இதவிட முக்கியம், காறிப்போன எண்ணெய். ஜப்பான்ல காறிப்போன பட்டுக் கூட்டுப்புழுவத் தின்ன கெண்டைக்கு முதுகுச் சதையே கரைஞ்சு போச்சு, செகோகேன்னு அந்த நோய்க்குப் பேரு, வைட்டமின் ஈ சேர்த்தா தடுக்கலாம். அதனால தான் எண்ணெய் காற ஆரம்பிச்சிருக்கான்னு பாக்கற பெராக்சைடு டெஸ்ட் பயிற்சி வச்சோம். முப்பது நாற்காலி போட்டோம், ஏழு பேர் வந்தாங்க, அதுல ரெண்டு பேர் டீயோட கெளம்பிட்டாங்க. அந்தப் பயிற்சில சொன்னத வராதவங்களுக்காக இன்னொரு தடவ சொல்றேன்: ரொம்பப் பழைய எண்ணெய்ல பெராக்சைடு ஒடைஞ்சு வேற பொருளா மாறிடும், நம்பர் கம்மியா வந்துச்சேன்னு ஏமாறாதீங்க, அப்படி ஒடைஞ்சு வந்த பொருளக் காட்டற அனிசிடின் டெஸ்ட்டும் பாக்கணும். தீவனம் தாராளமா போட்டும் மீன் சதை புடிக்கலன்னு ராத்திரி எனக்கு போன் பண்றவங்கள்ல பாதிப் பேர் அன்னைக்கு வராதவங்க தான்.

வரவு செலவு விவரம் பொருளாளர் கிட்ட இருக்கு, வரவு எதிர்பார்த்த அளவு இல்ல, செலவு எதிர்பார்த்ததுக்கு மேல, கையிருப்பு ஏதோ இருக்கு. சந்தா பாக்கி வச்சிருக்கறவங்க பேர மேடைல படிச்சிடலாம்னு அவர் சொன்னார், நான் தான் இந்த வருஷம் வேணாம்னேன்.

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் இடம் குடுத்தவங்களுக்கும் மைக் செட்காரருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் இந்தப் பொறுப்புல இருக்கணும்னு எனக்கு ஆசை கெடையாது, யார் முன்வந்தாலும் சாவியும் ஃபைலும் அன்னைக்கே குடுத்துடறேன். ஆனா உறுப்பினர்களோட தீவன சாம்பிள லேபுக்கு அனுப்பி கொழுப்பு அமில அளவு எடுக்கறதா பேசி வச்சிருக்கோம், அதுக்கு லேப்ல முன்பணம் கேக்கறாங்க, முன்பணம் சந்தாலேருந்து தான் வரணும். மொதல்ல கட்டறவங்க சாம்பிள் மொதல்ல போகும். பொருளாளர் ரசீது புக்கோட வாசல்ல தான் உக்காந்திருப்பார், சாப்பிட்டுப் போறப்ப அந்த வழியாவே போங்க, பின்வாசல் இன்னைக்குப் பூட்டியிருக்கு.