அவர்கிட்ட என்ன சொல்லணும், தம்பி?

அன்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவில் என் இணையர் மருத்துவமனையில் கிடந்த பயணத்திலிருந்து நாங்கள் இருவரும் திரும்பி வந்து ஒன்பது நாள்கள் ஆகின்றன. என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இரவென்றும் பகலென்றும் பாராமல் தொலைபேசியில் எங்களோடு விழித்திருந்தவர்கள் நீங்கள்தாம். ஆகவே அதையெல்லாம் மறுபடியும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதுவதற்கு என்னிடம் இன்னும் தெம்பும் வரவில்லை. அவர் பக்கத்து அறையில் தூங்குகிறார், இன்று காலை சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடந்தார் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். செய்தி எட்டிய ஒரு மணி நேரத்திற்குள் கையெழுத்திட்ட கடிதத்தை அனுப்பிவிட்டு, மருத்துவர்கள் அழைத்தபோதெல்லாம் தவறாமல் பேசிய அவருடைய தங்கை. எங்கள் பெட்டிகளைப் பதினாறு நாள்கள் வாடகை வாங்காமல் பாதுகாத்த விடுதிக்காரர். பாங்காக்கிலிருந்து இரவு ரயிலேறி, பாடாங் பெசார் எல்லையைக் கடந்து, மாற்றுத் துணிகளோடு வந்து நின்ற தோழியர் இருவர். காப்பீட்டு நிறுவனத்தோடு பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன தைப்பே நண்பர். கேட்காமலே பணம் அனுப்பிய உங்களில் பலர். அவரை உயிரோடு திருப்பித் தந்த மருத்துவர்கள், செவிலியர்கள். உங்கள் எல்லோருக்கும் ஒரே பத்தியில் நன்றி சொல்வது போதாது என்று அறிவேன். ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்ல எனக்கு வாய்ப்பு உண்டு என்பதால்தான் இவ்வளவோடு நிறுத்துகிறேன். நேரில் சொல்ல வாய்ப்பில்லாத ஒருவருக்காகவே இந்த மடலின் பெரும்பகுதியை வைத்துக்கொள்கிறேன்.

அவர் அந்த மருத்துவமனையில் தரை துடைக்கும் பணியில் இருந்தவர். மலேசியத் தமிழர், ஐம்பது வயதைத் தாண்டியிருக்கலாம். நான் அவரை அக்கா என்றே அழைத்தேன். அவருடைய பெயரும் எனக்குத் தெரியும், ஊரும் தெரியும். இரண்டையும் எழுதாமல் விடுவதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழில் ஒருவருடைய உறவை விசாரிக்கும்போது, “அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பது நம் வழக்கம். மாமா வேண்டும், சித்தப்பா வேண்டும், ஒன்றுவிட்ட அண்ணன் வேண்டும் என்று பதில் வரும். அந்த முதல் இரவில் இந்தக் கேள்வி மலாயில் வந்தது, ஆங்கிலத்தில் வந்தது, சீட்டு எழுதும் இடத்தில் தமிழிலும் வந்தது. படிவத்தில் ‘வாரிஸ்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நம் வாரிசும் மலாய்க்காரர்களின் வாரிஸும் அரபு மொழியிலிருந்து வந்த ஒரே சொல் என்பதால் அதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் உறவுமுறைக்கான கட்டம். பதினோரு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்ந்து வருகிறோம். இணையர் என்று எழுதுவதே உண்மை. ஆனால் அந்த நாட்டின் தண்டனைச் சட்டத்தில் தன்பாலின உறவைக் குற்றமாக்கும் 377 என்ற எண்ணுள்ள பிரிவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 20 ஆண்டுகள்வரை சிறையும் பிரம்படியும் அவற்றில் உண்டு. நான் நண்பர் என்று எழுதினேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் நெருங்கிய உறவினரை மட்டுமே அனுமதிப்பது அவர்களுடைய விதி. நண்பர் என்று எழுதியவனை வெளியே நிறுத்தியவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், அவர் எனக்கு வேண்டும் என்பதற்கு மேல் அந்த இரவில் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நான்கு நாள்கள் அந்தக் கதவுக்கு வெளியே நீல நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் காலையில் அக்கா தம் தள்ளுவண்டியோடு வந்து, என் காலடியைத் துடைப்பதற்காக நின்றவர், நான் காலைத் தூக்கிக்கொண்டதும் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, “உள்ளே மூணாவது படுக்கையில இருக்கிற தமிழ்க்காரரு உங்க ஆளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு அடுத்து வரப்போகும் கேள்விக்காக நான் என்னை இறுக்கிக்கொண்டேன். அது வரவில்லை. “நான் இப்ப உள்ளேதான் போறேன். அவர்கிட்ட என்ன சொல்லணும், தம்பி?” என்றார்.

நான் திகைத்துப் போனேன். முந்தைய நாள் முழுவதும் மனத்திற்குள் ஆயிரம் சொன்னவனுக்கு, கேட்டவுடன் ஒன்றும் வாயில் வரவில்லை. “நான் வெளியேதான் இருக்கிறேன், எங்கும் போகவில்லை என்று சொல்லுங்கள்” என்று மட்டும் சொன்னேன். அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப்போல நின்று, “‘தெரியும். நாற்காலியில உட்கார்ந்தே தூங்காதே, கழுத்து பிடிச்சுக்கும்’னு சொன்னாரு” என்றார். அந்தக் குரலில் என் மனிதருடைய அதட்டல் அப்படியே இருந்தது. அவர் பிழைத்துவிட்டார் என்பதை எந்த மருத்துவ அறிக்கையும் எனக்கு அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

அதன் பிறகு அக்காவின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு செய்தி போயிற்று, ஒரு செய்தி வந்தது. மாத்திரைப் பட்டியல் பையின் எந்த அறையில் இருக்கிறது என்று வந்தது. தங்கையிடம் பேசிவிட்டேன் என்று போயிற்று. அவருடைய மூக்குக்கண்ணாடி என்னிடம் இருந்தது. அது இல்லாமல் அவருக்குக் கையெட்டும் தூரத்திற்கு மேல் எல்லாம் புகைதான். “மிஸிகிட்ட கேட்டுட்டேன், குடுக்கலாமாம்” என்று அக்கா அதை மெல்லிய தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். செவிலியரை அங்கே மிஸி என்பார்கள். திரும்பி வந்தபோது, “கடிகாரத்தைப் பார்த்தாரு, மணி சொன்னாரு, சரியா இருந்துச்சு” என்றார். கண்ணாடியைச் சேர்த்ததோடு நிற்காமல், அவருக்குப் பார்வை தெரிகிறதா என்பதையும் எனக்காகச் சோதித்துவிட்டு வந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் மாலை நடந்ததைச் சொல்வதற்காகவே இவ்வளவும் எழுதினேன். அன்று அக்கா வெளியே வந்து, நடைபாதையின் இருபுறமும் பார்த்தார். கொஞ்சம் தள்ளி வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. துடைப்பத்தோடு என் பக்கமாக நகர்ந்து வந்து, தரையையே பார்த்தபடி குரலைத் தாழ்த்தி, “‘சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்’னு சொல்லச் சொன்னாரு” என்றார். பிறகு ஒரு நொடி நிறுத்தி, “‘போயிடலாம், கண்ணா’ன்னாரு. அதையும் சொல்லணுமில்ல, விட்டுட்டா செய்தி பாதிதானே” என்றார். சொல்லிவிட்டு அதே வேகத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கிளியையும் அன்னத்தையும் மேகத்தையும் தூது விடுவதற்கென்றே தனி இலக்கிய வகை கண்ட மொழி நம்முடையது. அந்தப் பாட்டுகளில் எல்லாம் தூது போகும். போன தூது என்ன பதில் கொண்டுவந்தது என்பதை நான் படித்ததாக நினைவில்லை. எனக்குப் பதில் வந்தது. கொண்டுவந்தவர் அதிலிருந்து ஒரு சொல்லைக்கூடத் தம் விருப்பப்படி உதிர்த்துவிடவில்லை. அந்தக் கடைசிச் சொல்லை விழுங்கியிருந்தால் அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது. அதன் பொருள் அவருக்குப் புரிந்தது என்றே நம்புகிறேன். புரிந்ததால்தான் நடைபாதையின் இருபுறமும் பார்த்தார்.

இந்தப் பயணத்தில் எங்களை மதித்த சட்டங்களையும் கண்டோம், அவற்றை நான் எளிதாக எண்ணவில்லை. 2019 மே 24 முதல் தன்பாலினத் திருமணம் நடக்கும் தைவானில், ஆசியாவிலேயே முதன்முதலாக அதை ஏற்ற அந்த நாட்டில், அக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை ஊர்வலத்தில் கைகோத்து நடந்தோம். காட்மாண்டுவில், 2007ஆம் ஆண்டிலேயே தம் உச்ச நீதிமன்றத்திடமிருந்து உரிமையைப் பெற்றவர்களோடு உட்கார்ந்து பேசினோம். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், மணம் செய்துகொண்ட ஆண்கள் இருவரில் ஒருவர் படுத்துவிட்டால் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் உரிமையை மற்றவருக்கு அளிக்கிறது. அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அந்த ஒரு வரியின் எடை எனக்கு முழுதாகப் புரிந்தது. நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நம் உறவின்மேலிருந்து குற்றம் என்ற சொல் நீங்கியது. 2023 அக்டோபர் 17 அன்று திருமணம் மறுக்கப்பட்டது. இடையில் நிற்கும் நாம் இன்னும் நண்பர் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இனிக் கிளம்பப்போகும் நம்மவர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். என்னிடம் ஓர் அதிகாரக் கடிதம் இருந்தது: அவர் சுயநினைவிழந்தால் மருத்துவர்களோடு பேசும் பொறுப்பு எனக்கு என்று அவர் கையெழுத்திட்டது. ஆனால் அதில் வாழ்க்கை இணையர் என்று பெருமையோடு எழுதியிருந்தோம். எல்லையைக் கடக்கும்போது அந்தப் பெருமையே ஆபத்தாகி, கடிதம் பெட்டியின் அடியில் துணிகளுக்குள் கிடந்தது. தேவைப்பட்ட இரவில் அதை வெளியே எடுக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே இரண்டு கடிதங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உறவைச் சொல்லும் கடிதம் தைவானுக்கும் தாய்லாந்துக்கும். மற்ற இடங்களுக்கு, உறவு என்ன என்றே பேசாமல், இந்தக் கடவுச்சீட்டு எண் உடையவர் என் சார்பில் முடிவெடுக்கலாம் என்று மட்டும் சொல்லும் கடிதம். எல்லா மருத்துவமனையும் அதை ஏற்கும் என்று சொல்ல மாட்டேன். அதனால் இரத்த உறவில் உங்களைப் புரிந்துகொண்ட ஒருவர் எந்நேரமும் தொலைபேசியை எடுப்பார் என்பதையும் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். காப்பீட்டில் அவசரத் தொடர்புக்கு ஒருவர் பெயரை மற்றவர் கொடுங்கள். இரத்த வகை, ஒவ்வாமை, உண்ணும் மருந்துகள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவருமே வைத்திருங்கள். செல்பேசி பூட்டிக்கிடந்தால் உள்ளே இருப்பது யாருக்கும் உதவாது.

சட்டத்தை நாட்டுக்கு நாடு பாருங்கள், பக்கத்து நாடுதானே என்று எண்ணாதீர்கள். சிங்கப்பூர் 2022 நவம்பரில் 377ஏ பிரிவை நீக்க வாக்களித்தது. பாலம் தாண்டி மலேசியாவுக்குள் போனால் பழைய சட்டம். இலங்கையில் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் நீங்கவில்லை, மாலத்தீவிலும் குற்றம்தான். அத்தகைய இடங்களில் துணை தேடும் செயலிகளைத் திறக்காதீர்கள். தனித்தனிக் கட்டில்கள் இரண்டு உள்ள அறை கேளுங்கள். அதில் தாழ்வு ஒன்றுமில்லை.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நாம் பத்து நாளில் விமானம் ஏறிவிடுவோம். நமக்கு உதவியவர்கள் அங்கேயே வாழ வேண்டும். விருந்தளித்த நண்பரின் படத்தையும், அவர் கூட்டிச்சென்ற இடத்தின் பெயரையும் நன்றி என்ற பெயரில் ஊரறியச் செய்துவிடாதீர்கள். மலேசியாவில் தண்டனைச் சட்டத்தோடு, முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்களும் தனியாக உண்டு. நமக்கு அச்சமாக மட்டும் இருந்தது அவர்களில் பலருக்கு அன்றாட வாழ்க்கை. அக்காவின் பெயரை நான் எழுதாததற்கும் காரணம் இதுவே. அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆனாலும் தினக்கூலிக்கு வேலை செய்யும் ஒரு பெண்ணிடம், அந்த இருவருக்கும் ஏன் செய்தி கொண்டுபோனாய் என்று ஒரு மேலாளர் கேட்கும்படியான சூழலை என் நன்றியால் உண்டாக்கிவிடக் கூடாது.

அவர் செய்ததை நான் எப்படித் திருப்பிச் செய்வேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இந்த மாத முடிவுக்குள் அந்த இரண்டாம் வகைக் கடிதத்தின் மாதிரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வழக்கறிஞரின் துணையோடு எழுதி முடிப்பேன். கேட்கும் ஒவ்வொரு இணையருக்கும் உட்கார்ந்து நிரப்பித் தருவேன். யாருடைய படுக்கையருகிலும் நிற்பவரைப் பார்த்து, அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று இனி என் வாய் கேட்காது.

வீடு திரும்ப அனுமதி கிடைத்த அன்று அக்காவுக்கு விடுமுறை. சக்கர நாற்காலியில் என் மனிதரை உட்கார்த்தித் தள்ளிக்கொண்டு அந்த நீல நாற்காலிகளைத் தேடிப் போனோம்; அங்கே வேறொரு பெண் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் ஒரு செய்தி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். “நாளைக்கு வந்துடுவாங்க, என்ன சொல்லணும்?” என்றார். எனக்கு மறுபடியும் தொண்டை அடைத்துக்கொண்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர்தான் பதில் சொன்னார்: “சொல்லச் சொன்னதெல்லாம் ஒண்ணுவிடாம வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லுங்க.”

நன்றியுடன்,
எங்கள் இருவரின் சார்பில் நான்.