டயரில் பட்டனைப் பார்த்தீர்கள், எண்ணைப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் எஸ்யூவி வண்டிகளுக்குப் புது டயர் வாங்குவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் 'பழைய டயரில் இருக்கும் அளவையே கேட்டு வாங்கினால் போதும்' என்று முடித்திருந்தார்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. ஏனென்றால் நான் அப்படித்தான் வாங்கினேன். அதே அளவு, அதே கம்பெனி, அதே பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் மேடுகள். மாட்டிய மறுவாரம் படகை டிரெய்லரில் ஏற்றிப் பின்னால் கோர்த்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறி அரை மணி நேரம் ஆகியிருக்காது, வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பித்துவிட்டது.

பெரிய ஆட்டம் ஒன்றும் இல்லை. லாரி ஏதாவது பக்கத்தில் உரசினாற்போல் கடந்து போனால், பின்பக்கம் ஒரு பக்கம் இழுக்கும், அப்புறம் மறுபக்கம் இழுக்கும், மூன்றாவது தடவை தானாக அடங்கிவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கு மட்டும்தான் அது தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் ஏன் பேச்சை நிறுத்தினேன் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டால், "புது டயர் என்றால் கொஞ்சம் அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார். அதில் பாதி உண்மைதான். புது டயரில் பட்டன் முழு உயரத்தில் இருப்பதால் சுமை ஏறும்போது கொஞ்சம் நெளியும், சில நூறு கிலோமீட்டர் ஓடினால் அடங்கும். அதனால் புது டயர் மாட்டிய கையோடு டிரெய்லரை இழுக்காமல் இருப்பது நல்லது. ஆனால் என் வண்டி ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் சரியாகவில்லை.

கடைசியில் விஷயம் எங்கே இருந்தது தெரியுமா? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, அதில். இத்தனை வருடம் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன், ஒரு நாள்கூட முழுதாகப் படித்ததில்லை. 235/65ஆர்17 108எச் என்று போட்டிருந்தது. குனிந்து புது டயரைப் பார்த்தால் 235/65ஆர்17 104எச். அளவு அச்சு அசல் அதேதான். பின்னால் வரும் எண் மட்டும் நான்கு குறைவு.

அந்த எண்தான் ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைச் சொல்வது. நேரடியாகக் கிலோவில் எழுதாமல் குறியீடாக எழுதுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120. நாலு எண் குறைந்ததற்கு டயருக்கு 100 கிலோ போயிற்று. பின் அச்சில் இரண்டு டயர், ஆக 200 கிலோ. எண்ணுக்குப் பிறகு வரும் எழுத்து வேகத்துக்கானது. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், டி என்றால் 190, எஸ் என்றால் 180. கடையில் எல்லோரும் இந்த எழுத்தைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுகிறார்கள். டிரெய்லரை மாட்டிக்கொண்டு 210இல் யார் போகப்போகிறார்கள்? அதற்காக எழுத்தையும் வண்டிக் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறக்க வேண்டாம், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது எண்.

சரி, 900 கிலோவே நிறையத்தானே, இரண்டு டயருக்கு 1,800 ஆகிறதே என்று எனக்கும் தோன்றியது. அதனால் எடை மேடைக்குப் போனேன். வீட்டு ஆட்கள், சாமான், முழு டேங்க், டிரெய்லர் எல்லாவற்றோடும் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றிப் பார்த்தால் 1,460 கிலோ. டிரெய்லரைக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றினேன், 1,250. வித்தியாசம் 210 கிலோ. இங்கேதான் எனக்குக் குழப்பம். படகும் டிரெய்லருமாகச் சேர்த்து 1,500 கிலோ, அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 கிலோ, வண்டியில் டிரெய்லரைக் கோர்க்கும் கொக்கியில் அழுத்தும்படி நான்தான் சாமானை அடுக்கியிருந்தேன். மீதி 60 கிலோ எங்கிருந்து வந்தது?

முன் சக்கரத்திலிருந்து வந்தது. கொக்கி இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். அங்கே அழுத்தினால் கடப்பாரையால் நெம்புவது போல வண்டியின் மூக்கு மேலே தூக்கும், தூக்கிய எடை பின் சக்கரத்தில் போய் உட்காரும். என் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.75 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கிக்கு 1.1 மீட்டர். 150ஐ 1.1ஆல் பெருக்கி 2.75ஆல் வகுத்தால் 60. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆக, கொக்கியில் 150 வைத்தால் பின் டயருக்கு 210 போகிறது, முன் டயருக்கு 60 குறைகிறது. ஸ்டியரிங் லேசாகிப் போவதும் இதனால்தான். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு டயர் தேர்ந்தெடுக்கும் யாரும் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கடைக்குப் போகக் கூடாது என்பேன்.

1,460க்கு 1,800 என்றால் இன்னும் 340 கிலோ கையில் இருக்கிறதே? இல்லை. 900 கிலோ என்பது காற்று முழுதாக இருக்கும்போது மட்டும். சாதாரணச் சுமை டயருக்கு அந்த முழு எடையும் கிடைப்பது ஏறக்குறைய 36 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றில். 32க்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். கடையில் எனக்கு 32 வைத்தார்கள், அதுவும் உச்சி வெயிலில், ஓடி வந்த சூட்டோடு. மறுவாரம் விடியற்காலையில், வண்டியை நகர்த்துவதற்கு முன் அளந்து பார்த்தேன், 28. காற்றின் சூடு 5, 6 டிகிரி செல்சியஸ் குறைந்தாலே ஒரு பிஎஸ்ஐ இறங்கும், ஓடிய சூடு அடங்கினால் நாலைந்து இறங்குவது சகஜம். 28இல் அந்த இரண்டு டயரும் சேர்ந்து தாங்கக்கூடியது ஏறக்குறைய 1,470 கிலோ. என் பின் அச்சில் இருந்ததோ 1,460. சாமான் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால் அந்தப் பக்கத்து டயர் அப்போதே எல்லை தாண்டியிருக்கும். பின்பக்கம் ஏன் ஆடியது என்று இதற்கு மேலும் யோசிக்க வேண்டுமா?

காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியாதா என்று கேட்பீர்கள். எரியும், ஆனால் எப்போது? அமெரிக்க விதிப்படி ஸ்டிக்கரில் உள்ள அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் எரிய வேண்டும். என் ஸ்டிக்கரில் குறைந்த ஆட்களுக்கு 33, முழுச் சுமை என்றால் பின்பக்க டயரில் 41 என்று இரண்டு வரிசை இருக்கிறது. 33இல் 25 சதவீதம் போனால் 25க்குக் கீழே வந்தால்தான் விளக்கு. நான் டிரெய்லரோடு 28இல் போய்க்கொண்டிருந்தபோது அது சத்தமே போடாமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

இந்த விளக்கு வந்த கதையே எஸ்யூவி டயரின் கதைதான். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிகளில் ஓடியவை. டயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல் பட்டை கழன்று, வண்டி உருண்டு, பலர் இறந்தார்கள். டயரைச் செய்த விதத்திலும் குறை இருந்தது, கூடவே அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட காற்று 26 பிஎஸ்ஐதான் என்பதும் பெரிய சண்டையானது. சுமை, வேகம், வெயில், குறைந்த காற்று எல்லாம் ஒன்று சேர்ந்தால் டயருக்குள் சூடு ஏறுகிறது, சூடு ஏறினால் ரப்பரும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டையும் பிரிகின்றன. அந்த ஆண்டே நவம்பரில் அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது, அதன் வழியாகத்தான் இந்த எச்சரிக்கை விளக்கும் கட்டாயமானது. டிரெய்லர் மாட்டினால் சுமை தானாகவே வந்துவிடுகிறது, மீதி மூன்றில் நம் கையில் இருப்பது வேகமும் காற்றும்.

நான் மறுபடி 108 வாங்கினேன். ஓடிய டயரைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, அதில் நியாயம் இருக்கிறது, எண்ணைச் சொல்லிக் கேட்காதது என் தப்பு. ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. 108 போட்ட அந்த டயரின் பக்கவாட்டில் எக்ஸ்எல் என்று இருக்கும், கூடுதல் சுமை டயர். அதை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பழையபடி 32 காற்றே வைத்துக்கொண்டு ஓட்டுபவர்களை நான் பார்க்கிறேன். எக்ஸ்எல் டயர் தன் முழு எடையைத் தாங்குவது 42 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில். அதை 36இல் ஓட்டினால் சாதாரண 104 டயர் தாங்கும் அளவுதான் கிடைக்கும், சொல்லப்போனால் ஒரு துளி குறைவுகூட. கூடுதல் காசு கொடுத்து வாங்கியது கூடுதல் காற்றை வைத்துக்கொள்ளும் தகுதியைத்தான், காற்றை நாம்தான் அடிக்க வேண்டும்.

இன்னும் மேலே போய் லாரி ரக டயர், அதாவது அளவுக்கு முன்னால் எல்டி என்று போட்டிருப்பதை, வாங்கச் சொல்பவர்கள் உண்டு. பக்கச் சுவர் கெட்டி, ஆட்டம் குறையும், உண்மைதான். அதில் இ ரகம் என்றால் 10 பிளை மதிப்பு, முழுச் சுமைக்கு 80 பிஎஸ்ஐ வரை கேட்கும். பத்து அடுக்கு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, பழைய காலத்து அளவுகோல் அது. வண்டி காலியாகப் போகும்போது கட்டை வண்டி மாதிரி குதிக்கும். அதோடு காரில் சாதாரணமாக இருக்கும் ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். அதற்கு மேல் காற்று வேண்டுமானால் வால்வையும் மாற்ற வேண்டும், ரிம் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். 1,500 கிலோ இழுக்கும் என் போன்றவர்களுக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம். 3,000 கிலோவுக்குப் பக்கத்தில் இழுப்பவர்கள் யோசிக்கலாம்.

பட்டன் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், நான் இரண்டு வரியில் விடுகிறேன். பெரும்பாலும் தார்ச் சாலை என்றால் நெடுஞ்சாலை ரகம், சேற்றிலும் புல்லிலும் டிரெய்லரை இறக்க வேண்டியிருந்தால் இரண்டுக்கும் பொதுவான ஏடி ரகம். முழுச் சேற்று டயர் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

அளவைப் பெரிதாக்கும் ஆசையும் வேண்டாம். 265/65ஆர்17க்குப் பதில் 265/70ஆர்17 போட்டால் டயரின் உயரம் 26 மில்லிமீட்டர் கூடும், சுமார் 3.4 சதவீதம். பார்வைக்கு வண்டி எடுப்பாக இருக்கும். ஆனால் எப்போதும் கொஞ்சம் உயர்ந்த கியரில் ஓடுவது போல ஆகிவிடும், ஏற்றத்தில் டிரெய்லரோடு திணறும், ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

தயாரிப்புத் தேதியையும் கேளுங்கள், ஓடாமல் இருந்தாலும் ரப்பர் பழசாகிவிடும். டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் நீளமான குறியீட்டின் கடைசி நான்கு எண்கள்தான் தேதி, 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியது பின்னால்தான் போக வேண்டும், எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுவது உத்தமம். டிரெய்லரின் சொந்த டயரை மறந்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் ஓடித் தேய்வதில்லை, நின்று நின்றே விரிசல் விட்டுப் போகிறது.

இப்போது 108 டயர், விடியற்காலையில் அளந்து வைத்த 41 காற்று, அதே படகு, அதே சாலை. லாரி கடந்து போனால் ஒரு சின்ன அசைவு, உடனே நிற்கிறது. இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன் ஒரு சந்தேகத்தில் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டெப்னியைத் துடைத்துப் பார்த்தேன். 108தான், வண்டியோடு வந்தது, பட்டன் புதுசு போல இருக்கிறது. தேதி 1114. நேரம் கிடைத்தால் உங்கள் வாசகர்களையும் ஒரு தடவை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் ஐந்தாவது டயர் வாங்கப் போகிறேன்.

இப்படிக்கு,
படகு இழுக்கும் வாசகன்