கார் சீட்டுக்குள் என்ன ஒட்டியிருக்கிறீர்கள்?

ஃபார்முலா பாரத் என்ற மாணவர் பந்தயக் கார் போட்டிக்குக் கார் கட்டும் மாணவர் அணிகளுக்கு,

வணக்கம். போட்டி நடக்கும் கோவை கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குக் காரை ஏற்றி அனுப்பும் நாள் நெருங்கும்போது ஒர்க்‌ஷாப் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எஞ்சின், சஸ்பென்ஷன், வயரிங் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுவீர்கள். சீட்டை யாரும் கண்டுகொள்ள மாட்டீர்கள்.

நாங்களும் அப்படித்தான். கடைசி வாரத்தில் ஒருவன் பைக்கில் போய் மெத்தைக் கடையில் ஸ்பாஞ்ச் வாங்கி வந்தான். சொல்யூஷன் தடவி ஒட்டி, மேலே கறுப்பு ரெக்ஸின் போட்டோம். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. மிச்சத் துண்டை வெளியே கொண்டுபோய்க் குறடால் பிடித்து லைட்டரைக் காட்டினேன். சும்மா ஒரு குறுகுறுப்புதான். சரசரவென்று பற்றி, எரிந்துகொண்டே சொட்டுச் சொட்டாக உருகி விழுந்தது. காரை ஓட்டவிருந்த பெண் பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றும் பேசவில்லை.

மெத்தை ஸ்பாஞ்ச் என்பது பாலியூரித்தேன். அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். தீ தாங்கும் நோமெக்ஸ் துணியில் தைத்த சூட் தோலைக் காக்கும், மூச்சை என்ன செய்யும்? 1976இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில் கார் தீப்பிடித்து ஃபார்முலா ஒன் வீரர் நிக்கி லாவ்டா சாவின் வாசல்வரை போனதற்குத் தீக்காயம் மட்டும் காரணமில்லை, நுரையீரலுக்குள் போன நச்சுப் புகையும்தான்.

‘ஐந்து வினாடியில் இறங்கிவிடுவோமே’ என்பீர்கள். காரிலிருந்து ஐந்து வினாடிக்குள் வெளியே வரச் சொல்லிப் போட்டியில் வைக்கும் சோதனையில் கார் நசுங்கியிருக்காது, கால் மாட்டியிருக்காது. 2020இல் பஹ்ரைன் பந்தயத்தில் மோதித் தீப்பிடித்த காரிலிருந்து ரொமெய்ன் குரோஜான் வெளியே வர ஏறக்குறைய அரை நிமிடம் ஆனது. அதுவும் பாதுகாப்புக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஃபார்முலா ஒன் கார்!

கடையில் ‘ஃபயர் ரிட்டார்டன்ட் சார், லேசில் பற்றாது’ என்றால் எந்தச் சோதனை என்று கேளுங்கள். எஃப்எம்விஎஸ்எஸ் 302 (கார் உட்புறப் பொருள்களுக்கான அமெரிக்கத் தீச் சோதனை) என்று வந்தால் மயங்க வேண்டாம். படுக்கவைத்த துண்டில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது என்பதுதான் அதன் அளவு. எரியவே கூடாது என்று அது சொல்லவில்லை. பிளாஸ்டிக்குகளுக்கான தீச் சோதனையான யுஎல்94இல் வி-0 என்ற தரம் வேறு ரகம்: செங்குத்தாகப் பிடித்துத் தீயைக் காட்டி எடுத்ததும் 10 வினாடிக்குள் அணைய வேண்டும், எரியும் சொட்டும் விழக் கூடாது. அதைக் கேளுங்கள். மேலே அடிக்கும் ஸ்ப்ரேயை மட்டும் நம்பாதீர்கள், பல ஸ்ப்ரேக்கள் தண்ணீர் பட்டாலே கரைந்து போகும். சீட்டில் ஊறும் வேர்வையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, பெட்ரோல் கார் அணிகளுக்கு. திறந்த துளை உள்ள ஸ்பாஞ்ச் எரிபொருளை விளக்குத் திரி மாதிரி உறிஞ்சும். காய்ந்த துண்டு சோதனையில் தேறியது என்பது அப்போது உதவாது. மூடிய துளை ஃபோமாக வாங்கி, நோமெக்ஸ் துணியில் உறை தையுங்கள். ஒட்டும் பசையையும் மறக்காதீர்கள். எங்கள் சொல்யூஷன் ஸ்பாஞ்சைவிட வேகமாகப் பற்றியது!

அப்புறம் தடிமன். மெத்தென்று மூன்று அங்குலம் வைத்தால் மோதும்போது ஸ்பாஞ்ச் அமுங்கும், உடம்பு கீழே இறங்கும், இழுத்துக் கட்டிய பெல்ட் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும். மெல்லியதாக, கெட்டியாக, உடம்பின் வளைவுக்குப் பொருந்தினால் போதும். தலைக்குப் பின்னால் வைப்பது அடியை உள்வாங்கும் தனி ஃபோம். அதற்கு விதிப்புத்தகம் சொல்வதை அப்படியே வாங்குங்கள், வெட்டி மிஞ்சியதைச் சொருகாதீர்கள்.

நாங்கள் அன்றிரவே எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டோம். வேறு வாங்க நேரமில்லை. காரை ஓட்டும் அந்தப் பெண் ஸ்பாஞ்ச் இல்லாத வெறும் சீட் கூட்டில் உட்கார்ந்து ஓட்டினாள், இறங்கியதும் முதுகைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திட்டினாள்.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நாளைக்கே ஒரு சின்னத் துண்டை வெட்டி, வெட்டவெளியில், புகை முகத்தில் படாத பக்கம் நின்று கொளுத்திப் பாருங்கள். ஓட்டப்போகிறவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
முன்னாள் அணிக்காரன் ஒருவன்