வாசலில் நடக்கும் பேச்சு: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் கிடைத்தது. பாலர் மையத்தின் குடும்ப ஆதரவுப் பணியை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. முதல் வேலையாகப் பெற்றோரைக் கூட்டி, குழந்தையை அடிக்கக் கூடாது என்று ஒரு பேச்சு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அந்தக் கூட்டத்துக்கு யார் வந்தே ஆக வேண்டுமோ, அவர் "என்னைத்தான் சொல்கிறார்கள்" என்று நினைத்து மையத்தையே தவிர்க்கத் தொடங்குவார்.

தூக்கமின்மை, கையில் காசில்லாமை, பேச்சுத்துணைக்கு ஆளின்மை, இந்த வயதுக் குழந்தையால் எது முடியும் எது முடியாது என்று தெரியாமை. இவை ஒன்றாகச் சேரும் நாளில்தான் பல வீடுகளில் கை ஓங்குகிறது. அதை நியாயப்படுத்தவில்லை. அவற்றில் ஒன்றையாவது முன்கூட்டியே குறைப்பதைத்தான் தடுப்பு வேலை என்கிறேன்.

இதற்கு நல்ல சான்று இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் டேவிட் ஓல்ட்ஸ் குழுவினர் 1970களின் இறுதியில் முதல் பிரசவத்தை எதிர்நோக்கிய 400 பெண்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு பிரிவினரின் வீட்டுக்குச் செவிலியர்கள் கர்ப்பகாலத்தில் சராசரியாக 9 முறையும், பிள்ளைக்கு 2 வயது ஆகும்வரை 23 முறையும் போனார்கள். குழந்தைகளுக்கு 15 வயதானபோது பார்த்தால், செவிலியர் போன குடும்பங்களில் வதை, புறக்கணிப்புப் பதிவுகள் மற்றவற்றில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் தாய் அடிக்கடி அடிவாங்கும் வீடுகளில் அந்தப் பலன் தென்படவில்லை. இதை மறந்துவிடாதே. பெண்கள் பாதுகாப்பு அமைப்பு ஒன்று உன் கூட்டாளிகளில் இல்லையென்றால், மிக ஆபத்தான வீடுகளில் உன் உழைப்பு வீணாகிவிடும்.

உன் மையத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சிகாகோவில் 1967இல் தொடங்கிய குழந்தை-பெற்றோர் மையங்கள். அங்கே பாலர் வகுப்போடு பெற்றோருக்கென்று தனி அறையும், அதற்கென்றே ஓர் ஆசிரியரும் இருந்தார்கள். அந்த மையங்களில் படித்த பிள்ளைகள் 17 வயதை எட்டும்வரை, வதை தொடர்பாக நீதிமன்றம் போன வழக்குகளும், அங்கே படிக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், பாதியளவே இருந்தன. உனக்கு ஓர் அறை கிடைக்குமானால் விடாதே. நாலு நாற்காலியும் ஒரு கதவும் போதும்.

அன்றாடம் செய்ய வேண்டியதில் நான் முதலிடம் தருவது காலையிலும் மாலையிலும் வாசலில் நடக்கும் இரண்டு நிமிடப் பேச்சுக்குத்தான். ஒரு குழந்தையை எப்போதும் ஒரே ஆசிரியை வரவேற்கட்டும். குழந்தை இரவு தூங்கியதா என்று கேட்டபின், "நீங்கள் தூங்கினீர்களா?" என்றும் கேட்கட்டும். பிறர் காதில் விழும்படி கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் அந்த ஆசிரியைக்கு வேறு வேலை தரவும் கூடாது. பல மையங்களில் இது குலைவது இங்கேதான்: வாசலில் நிற்பவரே பதிவேட்டையும் எழுத வேண்டியிருக்கும், பேச்சு நின்றுபோகும்.

இன்னொரு பிழை இதைவிட மோசமானது. நாள் முழுதும் உழைத்துக் களைத்து வரும் அப்பாவிடம், "இன்று இவன் மூன்று பேரைக் கடித்துவிட்டான், கொஞ்சம் கண்டித்து வையுங்கள்" என்றால், அன்றிரவு அந்தப் பிள்ளை அடி வாங்கும். நாமே வாங்கிக் கொடுத்த அடி அது. நடந்தது என்ன, நாங்கள் என்ன செய்தோம், அது அங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்லி, அன்று அவன் செய்த ஒரு நல்ல காரியத்தையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் அழுகையைப் பற்றி முன்பே பேசிவிடு. பிறந்த இரண்டாம் வாரம் வாக்கில் அழுகை கூடத் தொடங்கி, இரண்டாம் மாதத்தில் உச்சத்துக்குப் போய், மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் தணியும். நோயில்லாத குழந்தையும் என்ன செய்தாலும் அடங்காமல் அழும். பொறுமை போனால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய், 5 அல்லது 10 நிமிடம் கழித்து வந்து பார்க்கலாம். எக்காரணம் கொண்டும் பிடித்து உலுக்கக் கூடாது, மூளையில் ரத்தம் கசியும். இதைத் தாயிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதே. தந்தை, பாட்டி என்று குழந்தையோடு தனியே இருக்கும் எல்லாருக்கும் தெரிய வேண்டும். கழிப்பறைப் பழக்கமும் அப்படித்தான். ஒன்றரை வயதுக்கு முன் பெரும்பாலான குழந்தைகளின் உடல் அதற்குத் தயாராவதில்லை. தெரியாதவர்கள் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு அடிக்கிறார்கள்.

கூட்டாளி அமைப்புகளின் தொலைபேசி எண்களை அச்சிட்டுக் கொடுப்பது உதவியாகாது. சோர்ந்திருப்பவர் அழைக்க மாட்டார். பெற்றோர் உன் எதிரில் இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு நீயே அழைத்து, நாளும் நேரமும் வாங்கிக் கொடு. ஒரு வாரம் கழித்து, போனாரா, என்ன ஆயிற்று என்று கேள். ஒவ்வோர் அமைப்பிலும் பெயர் தெரிந்த ஒருவர் உனக்கு வேண்டும். உணவு, வாடகை, மனநலம், குடிப்பழக்கச் சிகிச்சை, நான் சொன்ன பெண்கள் பாதுகாப்பு: இந்த ஐந்திலிருந்து தொடங்கு.

ஆதரவு ஒருபோதும் புகாருக்கு மாற்றாகாது. நான்கு மாதம்கூட ஆகாத குழந்தையின் உடலில் எங்கே ரத்தக்கட்டு இருந்தாலும் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். புரளாத குழந்தைக்குத் தானாக அடிபடுவது அரிது. நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் இருந்தால் சந்தேகிக்க வேண்டும். முழங்காலிலும் நெற்றியிலும் இருப்பவை பெரும்பாலும் ஓடி விழுந்தவை. குழந்தை ஏதாவது சொன்னால் தோண்டித் துருவாமல், அதன் சொற்களிலேயே தேதி, நேரத்துடன் எழுதி, அன்றே உரிய அதிகாரிக்குத் தெரிவி. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதே. திட்டமிட்டுக் குழந்தையை நெருங்குபவனை இந்த ஆதரவெல்லாம் தடுக்காது. அதற்கு, மூடிய கதவுக்குப் பின்னால் எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியே இருக்கக் கூடாது என்ற விதி வேண்டும். அது ஊழியர்களுக்கும் பொருந்தும்.

புகார் செய்யும் கடமை நமக்கு உண்டு என்பதைச் சேர்க்கையன்றே எல்லாக் குடும்பங்களிடமும் சொல்லிவிடு. பின்னால் அப்படி ஒரு நாள் வந்தால், அது துரோகமாகத் தோன்றாது. சேர்க்கைப் படிவத்தின் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பு. அந்த வரியை எங்கே வைப்பது, எப்படிச் சொன்னால் மிரட்டலாக ஒலிக்காது என்று சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் வசந்தா